பத்திரத்துக்கு 5,000, பேருக்கு 100!

என் சித்தப்பா மகன் ஒருவன் மதுரையில் இருக்கிறான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. வடக்கே அதிகபட்சமாக அவன் போயிருப்பது திருப்பதி. அதுவும் மொட்டை போட.

அவன் பேரில் லூதியானாவில் ஒரு செல்போன் வாங்கப்பட்டிருக்கிறது. தவணையில். 18,999 ரூபாய். அது போதாதென்று செல்போன் ஆப் மூலமாக இரண்டு குட்டிக் கடன்கள்: 3,000 ஒன்று, 5,000 ஒன்று. மூன்றிலும் ஒரு தவணைகூடக் கட்டப்படவில்லை. எப்படிக் கட்டுவான்? வாங்கினவன் எவனோ.

இது அவனுக்குத் தெரியவந்தது 2024 ஆகஸ்டில். மகளுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்து, 6 லட்சம் கல்விக்கடன் கேட்டு பாங்க்குக்குப் போயிருக்கிறான். கூட்டுக் கடன்தாரர் என்று அப்பாவின் பேரையும் போடவேண்டும். மேனேஜர் பான் நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். இவனைப் பார்த்தார்.

'சிபில் ஸ்கோர் 561 காட்டுது சார். மூணு லோன் ஓவர்டியூ. முதல்ல அதை கிளியர் பண்ணிட்டு வாங்க.'

'சார், நான் வாங்கினது ஒரே ஒரு டூவீலர் லோன். 2019-லயே முடிச்சிட்டேன். என்.ஓ.சி.கூட வீட்ல இருக்கு.'

'இருக்கலாம் சார். சிஸ்டம் அலோ பண்ணல.'

இந்த 'சிஸ்டம் அலோ பண்ணல' இருக்கிறதே, நம் காலத்தின் தலையெழுத்து இதுதான். பிரம்மா எழுதினதையாவது பரிகாரம் செய்து மாற்றலாம் என்பார்கள்.

அன்று ராத்திரி எனக்கு போன் செய்தான். 'அண்ணே, நீங்க பத்திரிகைல இருக்கீங்க, பி.காம். வேற படிச்சிருக்கீங்க. இதுக்கு என்ன பண்றது?' என்றான். பி.காமில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. ஆனாலும் அடுத்த ஐந்தரை மாதம் அவனோடு சேர்ந்து நானும் இந்தப் பாடத்தைப் படித்தேன். படித்ததில் வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சிபில் ஸ்கோர் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தியாவில் இந்த வேலையைச் செய்ய லைசென்ஸ் வாங்கியிருப்பவை நான்கு கம்பெனிகள். டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். 2000-ல் ஆரம்பித்த சிபில்தான் மூத்தது என்பதால் அதன் பேரே நிலைத்துவிட்டது. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி. எதுவும் அரசாங்க ஆபீஸ் இல்லை. எல்லாம் தனியார். சிபிலிலேயே பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கையில். பாங்க்குகளும் நிதி நிறுவனங்களும் நம்மைப் பற்றி அனுப்புகிற தகவல்களைச் சேர்த்து 300-லிருந்து 900-க்குள் ஒரு மார்க் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் நாம் நல்ல பிள்ளை.

நம்மைக் கேட்டா இதைச் செய்கிறார்கள்? இல்லை. வாடிக்கையாளர் யார்? நாம் இல்லை, பாங்க். நாம் வெறும் சரக்கு.

சரி, சரக்கில் பிழை வந்தால்? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

2005-ல் கொண்டுவந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தில் 21-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தப்பான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லி யாரும் கேட்கலாம். 30 நாளில் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அடியில் ஒரு கொக்கி. கடன் கொடுத்த நிறுவனம், 'ஆமாம், இந்தத் திருத்தம் சரிதான்' என்று சான்று சொன்ன பிறகுதான் திருத்த முடியும்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆள் யார் என்று பார்க்காமல் கடன் கொடுத்தவன் எவனோ, அவனேதான் 'நான் ஆள் யார் என்று பார்க்கவில்லை' என்று எழுதித் தரவேண்டும். தந்தால் அவன் புத்தகத்தில் 18,999 ரூபாய் நஷ்டம். தராவிட்டால் நஷ்டம் என் தம்பிக்கு. எந்தப் பக்கம் எழுதுவான்?

பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் சொல்லித்தருகிற ஆரம்பப் பாடம்: கணக்கு எழுதியவனே அதைச் சரிபார்க்கக்கூடாது. பெட்டிக்கடைக்கே அது பொருந்தும். கோடிக்கணக்கான ஜனங்களின் நாணயத்தை எழுதிவைக்கும் புத்தகத்துக்கு மட்டும் அது பொருந்தாதா?

தம்பி ஆகஸ்ட் 8-ம் தேதி புகார் போட்டான். கடன் தகவல் கம்பெனிக்கு ஒன்று, கடன் கொடுத்த கம்பெனிக்கு ஒன்று. 26-ம் நாள், செப்டம்பர் 3-ம் தேதி பதில் வந்தது. ஒரே வரி. கே.ஒய்.சி. ஆவணங்கள் முறையாக இருப்பதால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. 'எந்த ஆவணம்? காட்டுங்க' என்று கேட்டால் பதில் இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண், 'அது கஸ்டமரோட பிரைவஸி சார்' என்றாளாம்.

'ஏம்மா, அந்தக் கஸ்டமரே நான்தான்னுதானே உங்க கம்பெனி சொல்லுது' என்று இவன் கேட்க, லைன் கட்.

போலீஸுக்குப் போனான். சைபர் க்ரைமுக்கு 1930 என்று ஒரு நம்பர் இருக்கிறதல்லவா, நல்ல நம்பர்தான். பணம் போன உடனே கூப்பிட்டால் போகிற வழியில் மடக்கப் பார்ப்பார்கள். ஆனால் இவனுக்குப் பணம் போகவில்லையே! 'உங்க அக்கவுன்ட்லேர்ந்து எவ்வளவு போச்சு?' 'ஒண்ணும் போகல சார்.' 'அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?' அடுத்தவன் அடையாளத்தைத் திருடி உபயோகித்தால் 3 வருடம் வரை ஜெயில் என்று ஐ.டி. சட்டம் 66சி சொல்கிறது. ஆனால் ஃபாரத்தில் 'இழந்த தொகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேரை இழந்தவன் அதில் என்ன எழுதுவான்? மூன்று நாள் நடந்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினான். எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் ஒரு அறிவுரையோடு ஓடி வருவார்கள். 'பான் கார்டைக் கண்டவங்ககிட்ட ஏன் சார் கொடுக்கறீங்க? உஷாரா இருக்கவேணாமா?'

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதைக் கேட்டால்தான். கண்டவனிடம் நாமாகவா கொடுத்தோம்? 2 லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் கேட்பது யார்? அரசாங்கம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து அதற்கு வரிச்சலுகை கேட்டால், வீட்டுக்காரரின் பான் நம்பரை ஆபீஸில் கொடுக்கச் சொல்வது யார்? அதே அரசாங்கம். ஜி.எஸ்.டி. நம்பரை எடுத்துப் பாருங்கள். 15 இடம். முதல் இரண்டு மாநிலத்தின் எண். அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான்! அதை போர்டில் எழுதி கடை வாசலில் மாட்டவேண்டும் என்பது சட்டம். மாட்டு என்கிறவர்களும் இவர்கள்தான், ஏன் காட்டினாய் என்கிறவர்களும் இவர்கள்தான்.

2023 மார்ச்சில் டெல்லி போலீஸ் 5 பேரைப் பிடித்தது. அவர்கள் செய்த வேலை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தோனி, அபிஷேக் பச்சன் மாதிரிப் பிரபலங்களின் ஜி.எஸ்.டி. நம்பரை இணையத்தில் எடுத்தார்கள். அதற்குள்ளிருந்து பானை உருவினார்கள். பிறந்த தேதிதான் ஊருக்கே தெரியுமே. தங்கள் போட்டோவை ஒட்டி போலி பான், போலி ஆதார். கிரெடிட் கார்டு வீடு தேடி வந்தது. சில நாளில் 20 லட்சத்துக்கு மேல் செலவழித்தார்கள். தோனியின் முகம் தெரியாத கடன் கம்பெனிக்கு என் தம்பி முகம் எப்படித் தெரியும்?

பான் என்பது பேர் மாதிரி. சாவி இல்லை. ஊரெல்லாம் தெரிந்த பேரைச் சொன்னால் கதவைத் திறந்துவிடுகிற காவல்காரனை வைத்துக்கொண்டு, பேரை ஏன் வெளியே சொன்னாய் என்று வீட்டுக்காரனைத் திட்டுகிறோம்.

'5 நிமிடத்தில் கடன், பேப்பரே வேண்டாம்' என்று விளம்பரம் வருகிறது. 5 நிமிடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிக்கிற வேகம் இது. வேகத்துக்கு விலை உண்டு. நூற்றில் சிலர் ஏமாற்றுவார்கள் என்று தெரிந்தேதான் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதுகூட வியாபாரம், போகட்டும். அந்த ஏமாற்றத்தின் செலவை வாங்காதவன் தலையில் எழுதுகிறார்கள் பாருங்கள், அதற்குப் பேர் வியாபாரம் இல்லை.

2022 பிப்ரவரியில் ஒரு கடன் ஆப்பில் இதேபோல் பலருக்கு நடந்தது. அதில் ஒருவர் நடிகை சன்னி லியோனி. அவர் பானை வைத்து எவனோ 2,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தான். அவர் ட்விட்டரில் கோபமாக எழுதினார். உடனடியாகச் சரிசெய்துவிட்டார்கள், அவரே நன்றியும் சொன்னார். சந்தோஷம். அந்த அம்மாவுக்குச் சரியானதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் நிரூபணம் ஆகிறது. 30 நாள் எல்லாம் தேவையே இல்லை. மனசு வைத்தால் உடனே முடியும். மதுரை ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு ட்விட்டரில் லட்சக்கணக்கில் ரசிகர்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது சட்ட விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் முக்கியம்.

உங்கள் செக்கில் எவனோ உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பணம் எடுத்துவிட்டான். நஷ்டம் யாருடையது? பாங்க்கினுடையது. நீங்கள் போடாத கையெழுத்து உங்கள் உத்தரவே ஆகாது. உத்தரவில்லாமல் கொடுத்த பணத்தை உங்கள் கணக்கில் பற்று எழுத பாங்க்குக்கு உரிமை இல்லை. 1987-ல் கனரா பாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன விஷயம் இது. செக் புத்தகத்தைச் சரியாகப் பூட்டி வைக்கவில்லை, பாஸ் புத்தகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றெல்லாம் சொல்லித் தப்பிக்கவும் பாங்க்கை விடவில்லை.

அடுத்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. உங்கள் கணக்கிலிருந்து மின்னணு முறையில் எவனோ பணத்தைத் திருடிவிட்டான், உங்கள் மேலும் தப்பில்லை, பாங்க் மேலும் தப்பில்லை, நீங்கள் 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டீர்கள் என்றால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். அதுமட்டுமல்ல, விசாரணை நடக்கும்போதே 10 வேலை நாளுக்குள் பணத்தை உங்கள் கணக்கில் தற்காலிகமாகத் திருப்பி வைக்கவேண்டும். நீங்கள்தான் தப்பு செய்தீர்கள் என்று நிரூபிக்கிற பொறுப்பும் பாங்க்குடையது.

ஆக, போலி செக் என்றால் பாங்க் பொறுப்பு. திருட்டு டிரான்ஸாக்‌ஷன் என்றால் முதலில் பணம் திரும்பும், பிறகு விசாரணை. போலிக் கடன் என்றால்? முதலில் தண்டனை, பிறகு விசாரணை, விசாரிப்பவர் எதிர்க்கட்சி. இது என்ன நியாயம்? கையெழுத்தும் என்னுடையதில்லை, முகமும் என்னுடையதில்லை, பணம் போன கணக்கும் என்னுடையதில்லை. செக் என்றால் ஒரு நீதி, கடன் விண்ணப்பம் என்றால் வேறு நீதியா?

அமெரிக்காவைப் பார்த்து எல்லாவற்றையும் காப்பியடிக்கிறோம். இந்த ஸ்கோரே அங்கிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் பாதியைத்தான் காப்பியடித்தோம். அங்கே அடையாளத் திருட்டு என்று முறையாகப் புகார் கொடுத்து அடையாளத்தை நிரூபித்தால், 4 வேலை நாளுக்குள் அந்தத் தகவலைக் கடன் தகவல் கம்பெனி மறைக்கவேண்டும். கடன் கொடுத்தவனின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். 2017-ல் ஈக்விஃபேக்ஸ் கம்பெனியில் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் திருடுபோய் ஊரே கொந்தளித்தது. 2018 செப்டம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தன் கடன் கோப்பைப் பூட்டிவைக்கலாம். என் பேரில் எவனும் புதுக் கடன் வாங்கமுடியாது, நான் திறந்தால்தான் உண்டு என்பது அங்கே சட்டப்படி உரிமை. நம் 2005 சட்டத்தில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

நம் ரிசர்வ் வங்கி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023 அக்டோபரில் ஓர் உத்தரவு. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. யாராவது உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது ஈமெயில் வரவேண்டும். நல்ல யோசனை. தம்பியின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். அவன் பேருக்கு நேராக நான்கு செல் நம்பர். இரண்டு இவனுடையதே இல்லை. திருடன் கடன் வாங்கும்போது கொடுத்த நம்பரும் கோப்பில் ஏறிவிடுகிறது. திருடன் வந்திருக்கிறான் என்று திருடனுக்கே எஸ்.எம்.எஸ்.!

அதே நாளில் போட்ட இன்னொரு உத்தரவில்தான் அந்தப் புகழ்பெற்ற நஷ்டஈடு. புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய்.

நூறு ரூபாய். மதுரையில் ரெண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக் காபி குடித்தால் காணாது.

இதை வேறு எதோடு ஒப்பிடலாம் என்று தேடினேன். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் திருப்பாவிட்டால், நாளுக்கு 100. கிரெடிட் கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாளில் மூடாவிட்டால், நாளுக்கு 500. வீட்டுக்கடனைக் கட்டி முடித்த பிறகு 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், நாளுக்கு 5,000. எல்லாம் அதே ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுகள்தான். பத்திரத்துக்கு 5,000 என்று 2023 செப்டம்பரில் சொன்னவர்கள், அடுத்த மாதமே மனிதனின் பேருக்கு 100 என்று சொல்லியிருக்கிறார்கள். 13-ம் தேதி செப்டம்பரில் இருந்த தாராளம் 26-ம் தேதி அக்டோபரில் எங்கே போயிற்று?

தம்பி விஷயத்தில் அந்த நூறும் வரவில்லை. 'உங்கள் புகார் 26-வது நாளே தீர்க்கப்பட்டுவிட்டது' என்றார்கள். எப்படித் தீர்க்கப்பட்டது? நிராகரித்தார்களே, அப்படி. ரிஜெக்ட் செய்தாலும் குளோஸ்தான். அகராதியை மாற்றி எழுதினால் சட்டத்தை மீறவே வேண்டாம்.

செப்டம்பர் 20-ம் தேதி ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போட்டோம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் கம்பெனிகளும் ஆம்புட்ஸ்மேன் வரம்புக்குள் வந்துவிட்டன என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைனிலேயே போடலாம். முதலில் கம்பெனியிடம் புகார் செய்து நிராகரித்திருக்கவேண்டும், அல்லது 30 நாள் பதிலே வராமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இந்தக் கட்டுரையில் உருப்படியான தகவல் என்று கத்தரித்து வைப்பதாக இருந்தால் இந்தப் பாராவை வையுங்கள்.

நவம்பரில் கடன் கம்பெனியிலிருந்து ஒருவர் தேனொழுக போன் செய்தார். 'சார், எதுக்கு அலையறீங்க? 4,000 கட்டிடுங்க, மீதிய நாங்க விட்டுடறோம். செட்டில்டுன்னு போட்டுடலாம்.' மகள் படிப்பு நினைவு வந்து, தம்பி கட்டியே விடலாம் என்று இருந்தான். நல்லவேளை எனக்கு போன் செய்தான். கட்டாதே என்று கத்தினேன். 'செட்டில்டு' என்றால் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. முழுசாகக் கட்டமுடியாமல் பேரம் பேசி முடித்தான் என்று அர்த்தம். அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதோடு, வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய் கட்டினாலும், 'உன்னுடையது இல்லையென்றால் ஏன் கட்டினாய்?' என்று கேட்க வழி கிடைத்துவிடும். பயந்தவனிடம் 4,000, அலுத்தவனிடம் 2,000 என்று வசூலாகிறவரை இந்தக் கம்பெனிகளுக்கு ஆளைச் சரிபார்க்க என்ன அவசரம்?

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தையும் சொல்லவேண்டும். 'சிபில் ஸ்கோர் ஏற்றித் தரப்படும்' என்று லைட் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அவர்கள். 5,000 வாங்குவார்கள், 10,000 வாங்குவார்கள். அவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே ஆன்லைன் புகார்தான். அதற்கு உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் கேட்பார்கள். திருட்டுக் கொடுத்தவன், அடுத்த திருட்டுக்குச் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிற கதை. தயவுசெய்து போகாதீர்கள்.

ஆம்புட்ஸ்மேன் கேட்ட பிறகுதான் கடன் விண்ணப்பத்தின் நகல் வெளியே வந்தது. பான் கார்டில் பேர் தம்பியுடையது, அப்பா பேர் சித்தப்பாவுடையது, பிறந்த வருடம் 1980. போட்டோவில் காதில் கடுக்கன் போட்ட ஒரு பையன். மீசைகூட முளைத்து முடிக்கவில்லை. 44 வயது ஆள் இவன்தான் என்று ஒரு கம்பெனி நம்பியிருக்கிறது. 'கே.ஒய்.சி. முறையாக இருக்கிறது' என்று எழுத்தில் பதிலும் கொடுத்திருக்கிறது. அந்தப் படத்தை ஒரு தடவை, ஒரே தடவை, கண்ணால் பார்த்திருந்தால் ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும்.

பாங்க் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 'நீங்க சொல்ற மாதிரி புகார் வந்த உடனே மறைச்சா, கடன் வாங்கினவன் எல்லாம் நான் வாங்கலைன்னு கிளம்பிடுவான் சார்' என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கொடுத்தவனுக்குத் தெரியாதா? டிஜிட்டல் கடன் பொதுவாகக் கடன்தாரரின் சொந்த பாங்க் கணக்குக்கு நேராகப் போகவேண்டும் என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கணக்கு யாருடையது, போட்டோ யாருடையது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். பொய்ப் புகார் என்றால் பழையபடி ஏற்றுங்கள், வட்டியோடு வசூலியுங்கள், போலீஸிலும் கொடுங்கள். நான் கேட்பது தள்ளுபடி இல்லை. செக்குக்கும் ஏ.டி.எம்.முக்கும் கொடுக்கிற அதே சந்தேகத்தின் பலனை ஜனங்களின் பேருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்குப் புதுச்சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி போட்டோம். அந்த 250 கோடி யாருக்கு? அரசாங்க கஜானாவுக்கு. பறிகொடுத்தவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நஷ்டஈடு கேட்க ஐ.டி. சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதையும் இந்தப் புதுச்சட்டம் நீக்கச் சொல்கிறது. வீட்டில் திருடு போனால் அபராதம் வசூலித்து கலெக்டர் ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள் போல.

கடன்தானே, வாங்காமல் இருந்துவிட்டுப் போகலாமே என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கடனோடு நிற்கவில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கடன் சரித்திரம் சரியில்லை என்று ஸ்டேட் பாங்க் ஒருவரின் வேலை நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று தீர்ப்பு. அந்த வழக்கின் விவரம் வேறு. ஆனால் கதவு ஒன்றுதான். திருட்டுக் கடன் ஏறிய ரிப்போர்ட்டோடு போகிற பையனும் அதே கதவில்தான் தலையை முட்டிக்கொள்வான். அதே 2025-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு சிபில் பார்ப்பதா என்று நம் விவசாயிகள் கொதித்ததும் சும்மா இல்லை. கல்விக்கடனைக் குறைந்த ஸ்கோரைக் காட்டி மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லேயே சொன்னது. மதுரை மேனேஜரிடம் அதையும் காட்டினான். 'அது கேரளா சார்' என்றார்.

முன்னால் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் நோட்டு இருக்கும். எவனாவது உங்கள் பேரைச் சொல்லிச் சாமான் வாங்கிப் போயிருந்தால், 'அண்ணாச்சி, அது நான் இல்ல' என்றால் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பையனைக் கூப்பிட்டு விசாரிப்பார். அடித்துவிடுவார். சாமான் கொடுத்தது அவர் தப்பு என்று அவருக்குத் தெரியும். நாணயம் என்ற சொல்லுக்கு நம் பாஷையில் காசு என்றும் அர்த்தம், நேர்மை என்றும் அர்த்தம். அண்ணாச்சிக்கு ரெண்டும் தெரிந்திருந்தது.

2025 ஜனவரி 17-ம் தேதி மூன்று கடன்களும் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கப்பட்டன. புகார் கொடுத்து 162-வது நாள். ஸ்கோர் 731 ஆனது. பழைய 770-க்கு ஏன் போகவில்லை என்றால், திருடன் கடன் கேட்டு ஏறி இறங்கிய ஏழு இடங்களின் விசாரணைப் பதிவு அப்படியே இருக்கிறது. அது 'நடந்த சம்பவம்' என்பதால் எடுக்கமாட்டார்களாம். நான்கில் ஒரு கம்பெனியின் ரிப்போர்ட்டில் பஞ்சாப் முகவரி இன்னமும் இருக்கிறது. ஸ்கோரை ஏற்ற ஒரே வழி என்று பாங்க்கில் சொன்னார்கள்: 'ஒரு எஃப்.டி. போட்டு அது மேல கிரெடிட் கார்டு வாங்குங்க சார். கொஞ்சமா செலவழிச்சு கரெக்டா கட்டுங்க. ஆறு மாசத்துல ஏறிடும்.' வாழ்நாளில் கிரெடிட் கார்டே வைத்துக்கொள்ளாதவன், தான் யோக்கியன் என்று காட்டுவதற்காக இப்போது மாதாமாதம் 800 ரூபாய்க்குக் கார்டில் மளிகை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

கணக்கு ஒன்று பாக்கி. ஆகஸ்டில் காலேஜ் ஃபீஸுக்காக மனைவியின் வளையல்களை அடகுக்கடையில் வைத்து 1,20,000 வாங்கினான். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. பிப்ரவரியில் கல்விக்கடன் வந்து மீட்டான். ஆறு மாத வட்டி 10,800. நோட்டரி, ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட் எல்லாம் சேர்த்து 2,340. சம்பளம் பிடித்த லீவு 11 நாள். முதல் 30 நாளைக் கழித்தால் 132 நாள். நாளுக்கு 100 என்றால் 13,200. அதுவும் வரவில்லை. பத்திரத்துக்குக் கொடுக்கிற 5,000 கணக்கில் என்றால் 6,60,000. அவன் மகளுக்காகக் கேட்ட கடனே 6 லட்சம்தான்.

போன வாரம் அவனுக்கு மறுபடி ஒரு போன் வந்தது. ஹிந்தி கலந்த இங்கிலீஷ். வேறு ஏதோ கம்பெனி. 5,000 ரூபாய் கடன், வட்டியோடு 14,000 ஆகிவிட்டது, இன்று சாயங்காலத்துக்குள் கட்டவேண்டும் என்றானாம். பழைய கடனின் கோப்பு எங்கேயோ கைமாறியிருக்கிறது. ரிப்போர்ட்டில் அழித்தவர்கள் வசூல்காரனிடம் சொல்லவில்லை.

'என்னடா சொன்னே?' என்று கேட்டேன்.

'சி.எஸ்.ஆர். நம்பரைச் சொன்னேண்ணே. மனப்பாடமா இருக்கு. லேமினேட் பண்ணி கல்லாப்பெட்டிக்குள்ளயும் வெச்சிருக்கேன். அவன் அது என்ன நம்பர்னு கேட்டான். புரியவெக்க அரைமணி நேரம் ஆச்சு. நாளைக்கு வேற ஆள் பேசுவான்.'